பேங்க்–மான்யுமென்ட்: யாரும் முழுதாகத் திட்டமிடாத ஒரு சந்திப்பு நிலையம்

லண்டன் பாதாள ரயில் வரைபடத்தில் பேங்க், மான்யுமென்ட் என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். நடுவே ஒரு சின்ன இணைப்புக் கோடு. பெயரளவில்தான் இரண்டு நிலையங்கள், உள்ளே இறங்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். சென்ட்ரல், நார்தர்ன், வாட்டர்லூ அண்ட் சிட்டி, டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் என ஐந்து பாதாள லைன்கள், அவற்றோடு டாக்லாண்ட்ஸ் இலகு ரயில். ஆறு தடங்கள் சந்திக்கும் இந்த இடத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு முழு வரைபடம் இருந்ததில்லை. 1884, 1898, 1900 பிப்ரவரி, 1900 ஜூலை, 1991 என்று ஐந்து தடவையாக, வெவ்வேறு முதலாளிகள், வெவ்வேறு காரணங்களுக்காக, அவரவர் கணக்கில் தோண்டியதன் கூட்டுத்தொகை இது.

பல பத்தாண்டுகளாக இந்த நிலையம் நெரிசலுக்குப் பேர்போனதாக இருந்ததற்குத் தண்டவாளமோ வண்டியோ காரணம் இல்லை. ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள்தான் காரணம். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு தலைமுறையும் இன்னொரு நடைவழியைச் சேர்த்துக்கொண்டே போனது. கடைசியாக 2022இல்தான் வேறு மாதிரி யோசித்தார்கள். ரயிலை வேறு சுரங்கத்துக்கு மாற்றிவிட்டு, அது ஓடிய பழைய சுரங்கத்தை நடப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த முடிவு ஏன் இத்தனை தாமதமாக வந்தது என்று விளங்க வேண்டுமானால் நிலையம் படிப்படியாக உருவான கதையைப் பார்க்க வேண்டும்.

முதலில் அமைப்பு

வடக்கே ஒரு பெரிய சாலைச் சந்திப்பு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து, மேயர் குடியிருக்கும் மேன்ஷன் ஹவுஸ், பழைய ராயல் எக்ஸ்சேஞ்ச் மூன்றும் அதைச் சுற்றி நிற்கின்றன. அங்கிருந்து கிங் வில்லியம் தெரு தென்கிழக்காக லண்டன் பாலத்தை நோக்கி இறங்குகிறது. தெருவின் தென்கோடிக்குப் பக்கத்தில், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவாக எழுப்பிய தூண் இருக்கிறது. அதனால்தான் அங்கே மான்யுமென்ட் என்று பெயர்.

சென்ட்ரல் லைன் வடகோடியில், சாலைச் சந்திப்புக்கு அடியில் வளைந்து கிடக்கிறது. வாட்டர்லூ அண்ட் சிட்டி அதற்கு மேற்கே, குயீன் விக்டோரியா தெருவுக்கு அடியில். டிஸ்ட்ரிக்டும் சர்க்கிளும் தென்கோடியில், தரைக்குக் கொஞ்சம் கீழே, கிழக்கு மேற்காக. நார்தர்ன் லைன் மட்டும் கிங் வில்லியம் தெருவின் நீளவாக்கில், வடகோடிக்கும் தென்கோடிக்கும் நடுவே படுத்திருக்கிறது. அதற்கும் கீழே, அதே திசையில், டாக்லாண்ட்ஸ் ரயில்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்த உடனே சிக்கல் புரிந்துவிடும். தெற்கே டிஸ்ட்ரிக்டில் இறங்கி வடக்கே சென்ட்ரலைப் பிடிக்க வேண்டியவர் நார்தர்ன் லைனின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். நார்தர்ன் லைனுக்கு வருகிறவர்கள், அதை விட்டு இறங்குகிறவர்கள், அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் குறுக்கே நடந்து போகிறவர்கள், மூன்று கூட்டமும் ஒரே குறுகலான வழியில். நிலையத்தின் முதுகெலும்பாக இருக்க வேண்டிய இடம் அதன் தொண்டையாகிவிட்டது.

தெரு மேல் பெரிதாக ஒரு நிலையக் கட்டடம் எழவே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. இத்தனை பெரிய நிலையத்துக்கு வெகுகாலம் அடையாளமாக இருந்தவை நடைபாதையிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டுகள்தான். நகரத்தின் விலை உயர்ந்த மண்ணில் டிக்கெட் கவுன்ட்டருக்கு இடம் ஒதுக்க எந்தக் கம்பெனிக்கும் மனமோ பணமோ வரவில்லை.

1884: முதல் குழி

தென்கோடியில் வந்ததுதான் மூத்தது. மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட் என்ற இரு கம்பெனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே லண்டன் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த உள்வட்டம் மூடிய 1884 அக்டோபர் 6 அன்று இந்த நிலையம் திறந்தது. அப்போது அதன் பெயர் ஈஸ்ட்சீப். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1ஆம் தேதி மான்யுமென்ட் என்று மாற்றிவிட்டார்கள். நீராவி எஞ்சின் ஓடிய காலம் என்பதால் ஆழமாகப் போக முடியாது. தெருவை வெட்டித் திறந்து, தண்டவாளம் போட்டு, மேலே மூடிவிடுவதுதான் முறை. எனவே இது மேலாகவே நிற்கும் நிலையம். பின்னால் வந்தவை எல்லாம் அதற்குக் கீழேதான் போக வேண்டியிருந்தது.

தவறான இடத்தில் ஒரு முனையம்

பேங்க் நிலையம் பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதற்கு முன்னால் தோற்றுப்போன ஒரு நிலையத்தைப் பற்றியது. சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே என்பது மின்சாரத்தில் ஓடிய முதல் ஆழ்நிலைச் சுரங்க ரயில். இன்று பேங்க் வழியாக ஓடும் நார்தர்ன் லைன் இதிலிருந்து வந்ததுதான். 1890 டிசம்பரில் மக்களுக்காகத் திறந்தது. ஸ்டாக்வெல்லில் கிளம்பி, தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் வந்து, கிங் வில்லியம் தெருவில் முடிந்தது. முதலில் இதைக் கம்பிவடத்தால் இழுக்கும் ரயிலாகத்தான் திட்டமிட்டார்கள். வடம் தருவதாக இருந்த கம்பெனி திவாலானதால் கடைசி நேரத்தில் மின்சாரத்துக்கு மாறினார்கள்.

அங்கேதான் வினை. தனியார் கட்டடங்களுக்கு அடியில் தோண்டினால் உரிமையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும், பொதுச் சாலைக்கு அடியில் என்றால் அந்தச் செலவு இல்லை. அதனால் சுரங்கம் தெருவையே பிடித்துக்கொண்டு வந்தது. ஆற்றைத் தாண்டியதும் கூர்மையான வளைவு, அப்புறம் செங்குத்தான ஏற்றம், உடனே முனையம். கம்பிவடம் இழுத்திருந்தால் ஒருவேளை சமாளித்திருக்கலாம். அந்தக் காலத்துச் சின்ன மின்சார எஞ்சின்களுக்கு அது மலையேற்றம். முனையத்தில் இருந்ததோ ஒரே தண்டவாளம், அதன் இருபுறமும் நடைமேடை. 1895இல் அதை இரண்டு தண்டவாளமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. அங்கிருந்து வடக்கே நீட்டவும் வழியில்லை, சுரங்கம் தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தே ஆண்டில் அந்த நிலையத்தைக் கைவிட்டார்கள். ஆற்றுக்குத் தெற்கேயே பழைய பாதையிலிருந்து பிரிந்து, புதிய இரட்டைச் சுரங்கம் தோண்டி மூர்கேட் வரை கொண்டுபோனார்கள். 1900 பிப்ரவரி 24 அன்று கிங் வில்லியம் தெரு நிலையம் மூடியது. மறுநாள் பேங்க் திறந்தது. கைவிட்ட சுரங்கம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஒளியும் இடமாகப் பயன்பட்டது.

புதிய நிலையத்துக்கு டிக்கெட் கூடம் எங்கே வைப்பது? கம்பெனியின் கண் செயின்ட் மேரி வுல்நாத் தேவாலயத்தின் மேல் விழுந்தது. நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் வடிவமைத்து 1727இல் முடிந்த கட்டடம். அதை இடித்துவிட அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ஊரே எதிர்த்தது. கடைசியில் தேவாலயத்தை விட்டுவிட்டு, அதன் அடியில் இருந்த கல்லறை அறையை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அங்கே புதைந்திருந்தவர்களின் எச்சங்களை நகரத்துக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். தேவாலயத்தின் எடை முழுவதையும் எஃகு உத்திரங்களில் தாங்க வைத்து, கீழே லிஃப்ட் குழிகளை இறக்கினார்கள். தேவாலயம் இன்னமும் அதே இடத்தில் நிற்கிறது. மண்ணின் விலையும் ஊரின் எதிர்ப்பும் சேர்ந்து ஒரு நிலையத்தை எப்படி வடிவமைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வாட்டர்லூவும் சென்ட்ரலும்

இதற்கிடையே மேற்குப் பக்கம் வேறொரு கதை. வாட்டர்லூவில் வந்து இறங்கும் அலுவலகக் கூட்டத்தை நகர மையத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே வாட்டர்லூ அண்ட் சிட்டி ரயில்வே 1898 ஆகஸ்ட் 8 அன்று ஓடத் தொடங்கியது. மொத்தமே இரண்டு நிலையங்கள். வேறெந்தத் தடத்தோடும் இதற்கு இணைப்பு கிடையாது, பெட்டியைப் பெரிய பழுதுக்கு வெளியே எடுக்க வேண்டுமானால் வாட்டர்லூவில் பாரந்தூக்கி வைத்து மேலே தூக்க வேண்டும். இந்த முனையின் பெயர் வெறும் சிட்டி. 1940இல்தான் அதற்கு பேங்க் என்று பெயர் வந்தது. பாதாள ரயில் நிர்வாகத்தின் கைக்கு இந்த லைன் வந்து சேர்ந்தது அதைவிடத் தாமதம், 1994 ஏப்ரல் 1. அதுவரை தேசிய ரயில்வேயின் பிள்ளையாகவே பக்கத்தில் இருந்தது.

சென்ட்ரல் லண்டன் ரயில்வே 1900 ஜூலை 30 அன்று ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பேங்க் வரை மக்களுக்காகத் திறந்தது. எங்கே போனாலும் இரண்டு பென்ஸ்தான் கட்டணம் என்பதால் 'டூபென்னி டியூப்' என்று பெயர் வாங்கியது. இவர்களும் தெருவுக்கு அடியிலேயே போனார்கள். பேங்கில் அதன் விளைவை இன்றும் பார்க்கலாம். நடைமேடை அவ்வளவு வளைந்திருக்கிறது, ஒரு நுனியில் நின்றால் மறு நுனி தெரியாது. நேரான பெட்டி, வளைந்த நடைமேடை, நடுவில் கால் சிக்கும் அளவுக்கு இடைவெளி. லண்டனில் ஓயாமல் ஒலிக்கும் 'மைண்ட் த கேப்' அறிவிப்புக்கு இங்கே முழு அர்த்தம் உண்டு.

டிக்கெட் கூடத்தைச் சாலைச் சந்திப்புக்கு நேர் கீழே குடைந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. அந்தப் பரபரப்பான சந்திப்பைப் பாதசாரிகள் கடக்க, பயணச்சீட்டு இல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சுரங்கப்பாதைகளைக் கம்பெனியே கட்டித்தர வேண்டும். பேங்கில் முதன்முதலாக வரும் எவரும் எந்த வாசல் எங்கே போகிறது என்று திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாதைகளில் பாதி ரயிலுக்காகவும் பாதி சாலையைக் கடப்பதற்காகவும் வெட்டியவை.

கதவு திறந்தது

ஆக 1900 முடியும்போது பக்கத்துப் பக்கத்தில் நான்கு நிலையங்கள், நான்கு கணக்குகள். அண்ணன் தம்பிகள் ஒரே மனையில் தனித்தனியாக வீடு கட்டிக்கொண்ட மாதிரி. 1913இல் சென்ட்ரலும் சிட்டி அண்ட் சவுத் லண்டனும் ஒரே குழுமத்தின் கைக்கு வந்த பிறகுதான் பொதுவாக யோசிக்கவே இடம் கிடைத்தது. 1920களில் லிஃப்ட்டுகளுக்குப் பதில் நகரும் படிக்கட்டுகள் வந்தன. சிட்டி அண்ட் சவுத் லண்டனின் ஒடுக்கமான சுரங்கங்களையும் அதே காலத்தில் அகலப்படுத்தினார்கள்.

1933 ஜூலை 1 அன்று லண்டனின் பயணப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஒரே வாரியத்தின் கீழ் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18இல் நார்தர்ன் நடைமேடைகளின் தென்கோடியிலிருந்து மான்யுமென்ட்டுக்கு நகரும் படிக்கட்டு இணைப்பு திறந்தது. பேங்க்–மான்யுமென்ட் என்ற ஒற்றை நிலையம் பிறந்த நாள் அதுதான் என்று சொல்லலாம். என் பார்வையில் சிக்கல் பிறந்த நாளும் அதுவே. அதுவரை நார்தர்ன் லைனின் நடைவழிகளில் அதன் பயணிகள் மட்டும் நடந்தார்கள். இணைப்பு வந்ததும், டிஸ்ட்ரிக்டிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் கூட்டம் முழுவதும் அதே வழியில் புகுந்தது. அகலம் மட்டும் அப்படியே இருந்தது.

1941 ஜனவரி 11 இரவு ஒரு ஜெர்மன் குண்டு சாலையைத் துளைத்துக்கொண்டு டிக்கெட் கூடத்துக்குள் வெடித்தது. வெடிப்பின் அழுத்தம் படிக்கட்டுகள் வழியாகக் கீழே நடைமேடை வரை பாய்ந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைச் சந்திப்பு முழுவதும் உள்ளே சரிந்துவிட்டதால் பள்ளத்தின் மேல் தற்காலிகப் பாலம் போட்டுப் போக்குவரத்தை விட்டார்கள். தெருவின் தோலுக்கு நேர் கீழே கூடத்தைக் குடைந்ததன் விலை அன்று தெரிந்தது.

அடுத்து வந்தது 1960இன் நகரும் நடைபாதை. வாட்டர்லூ லைனிலிருந்து மேலே வர நீண்ட சரிவுப் பாதை ஒன்றுதான் இருந்தது, அதில் ஏறி வருவது காலையிலேயே மூச்சு வாங்கும் வேலை. செப்டம்பர் 27 அன்று திறந்த 'டிராவலேட்டர்' பிரிட்டனில் இத்தகைய முதல் ஏற்பாடு.

1991: தொண்டையில் இன்னொரு கவளம்

டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் 1987இல் தொடங்கியபோது நகரப் பக்கம் டவர் கேட்வேயிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து பாதாள ரயிலைப் பிடிக்கத் தெருவில் நடக்க வேண்டும். கிழக்கு லண்டனின் கேனரி வார்ஃபில் அலுவலகக் கோபுரங்கள் எழத் தொடங்கியபோது அது போதாது என்று தெளிவாகிவிட்டது. அங்கே கட்டடம் எழுப்பியவர்களும் செலவில் பங்கு போட, சுரங்கத்தை பேங்க் வரை நீட்டி 1991 ஜூலை 29 அன்று திறந்தார்கள். மேலே இடமே இல்லை, ஆகவே நார்தர்ன் லைனுக்கும் கீழே, தரையிலிருந்து 41 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நடைமேடைகள்.

அந்த வேலையின்போது, 1987இல், ஒரு பழைய பொருள் அகப்பட்டது. வாட்டர்லூ அண்ட் சிட்டி சுரங்கத்தைத் தோண்டிய கிரேட்ஹெட் கேடயம். தோண்டி முடித்ததும் வெளியே எடுக்காமல் மண்ணுக்குள்ளேயே விட்டுப் போயிருந்தார்கள். ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் மேம்படுத்திய இந்த இரும்பு வளையத்தை முன்னால் தள்ளித் தள்ளித்தான் லண்டனின் ஆழ்சுரங்கங்களைத் தோண்டினார்கள். அதை அப்புறப்படுத்தாமல் சிவப்பு வண்ணம் பூசி நடைவழியின் ஒரு பகுதியாகவே வைத்துவிட்டார்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதற்குள் புகுந்து போகிறார்கள், பலருக்கு அது என்னவென்றே தெரியாது.

ஆனால் புதிய ரயில் கொண்டுவந்த கூட்டமும் அதே நடுப்பகுதிக்குள்தான் மேலேறி வந்தது. காலை நெரிசலில் கூட்டம் அளவு மீறும்போது ஊழியர்கள் வாசல்களைக் கொஞ்ச நேரம் மூடி, கீழே இருப்பவர்கள் கலைந்த பிறகு திறப்பது வழக்கமாகிவிட்டது.

சுரங்கத்தைக் கைமாற்றியது

2016இல் தொடங்கிய விரிவாக்கத்துக்குச் செலவு ஏறத்தாழ 70 கோடி பவுண்டு. ஒப்பந்தம் எடுத்தது ஸ்பெயினின் டிராகடோஸ் நிறுவனம். ஒப்பந்தக்காரர்களிடம் முடிந்த வரைபடத்தைக் கொடுத்து விலை கேட்பதற்குப் பதில், தேவையைச் சொல்லி யோசனையைக் கேட்டார்கள். நகரத்தின் இந்தப் பகுதியில் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பழைய தேவாலயங்கள், மேன்ஷன் ஹவுஸ், வங்கிக் கட்டடங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஆறு தடங்கள் எல்லாவற்றுக்கும் இடையில் எந்த வழியாகப் புகுவது என்பதே வேலையில் பாதி.

அவர்கள் செய்தது இதுதான். நார்தர்ன் லைனின் தெற்கு நோக்கிய வண்டிகளுக்கு மேற்குப் பக்கம் தள்ளி அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான புதுச் சுரங்கமும் அகலமான புது நடைமேடையும் கட்டினார்கள். கட்டடங்களின் அடித்தளத் தூண்கள் சில குறுக்கே வந்தன, அவற்றை இடைமறித்து வெட்டி, எடையை மாற்றித் தாங்க வைத்தே முன்னேற வேண்டியிருந்தது. தோற்றுப்போன கிங் வில்லியம் தெரு நிலையத்தின் பழைய சுரங்கங்களும் இந்த வேலைக்கு உதவின.

புதுச் சுரங்கத்தைப் பழைய தடத்தோடு சேர்க்க, 2022 ஜனவரி 15 முதல் மே 15 வரை கென்னிங்டனுக்கும் மூர்கேட்டுக்கும் இடையே நார்தர்ன் லைனின் இந்தக் கிளையை முழுதாக நிறுத்தினார்கள். நான்கு மாதம் ஒரு முக்கியத் தடத்தை மூடுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருந்தால் தொல்லை ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும். மே 16 காலை ரயில்கள் புதுத் தடத்தில் ஓடின. காலியான பழைய தெற்கு நோக்கிய சுரங்கத்தில் தண்டவாளக் குழியை நிரப்பி, நடைமேடையோடு சமமாக்கி, நடுக்கூடமாக மாற்றிவிட்டார்கள். வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்குத் தனி நடைமேடை, கடந்து போகிறவர்களுக்குத் தனி இடம் என்று முதல் முறையாகப் பிரிந்தது.

சென்ட்ரல் லைனுக்குப் போக நகரும் நடைபாதைகளும் புதிய படிக்கட்டுகளும் 2022 அக்டோபரில் திறந்தன. கேனன் தெருவில் புது வாசல் 2023 பிப்ரவரி 27 அன்று வந்தது. மொத்தம் 12 புதிய நகரும் படிக்கட்டுகள். நார்தர்ன், டாக்லாண்ட்ஸ் இரண்டுக்கும் தெருவிலிருந்து லிஃப்ட் வழி. நிலையத்தின் கொள்ளளவு 40 சதவீதம் கூடியது. வாட்டர்லூ அண்ட் சிட்டிக்கு வால்ப்ரூக்கில் தனி வாசல் இதற்கு முன்பே, 2018 இறுதியில், திறந்துவிட்டது.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேங்கில் நார்தர்ன் லைன் வலப்பக்கமாக ஓடுகிறது, பிரிட்டனில் வேறெங்கும் ரயில்கள் பெரும்பாலும் இடப்பக்கம். தெற்கு நோக்கிய தடம் மேற்கே இருப்பது அதனால்தான். புதுச் சுரங்கத்தையும் அதே பக்கமே வெளியே தள்ளிக் கட்டியதால், பழைய சுரங்கம் சரியாக இரண்டு நடைமேடைகளுக்கும் நடுவில் வந்து விழுந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு விநோதம் நடுக்கூடத்துக்கு இடம் பண்ணிக்கொடுத்தது.

தீராதவையும் இருக்கின்றன. சென்ட்ரல் லைனுக்கு இன்னும் லிஃப்ட் வழி இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் நார்தர்னிலிருந்து டாக்லாண்ட்ஸுக்கு மாறலாம், ஒரு மூலைக்கு அப்பால் இருக்கும் சென்ட்ரலுக்குப் போக முடியாது. அந்த நடைமேடையின் வளைவைச் சரிசெய்ய ஒரே வழி, நார்தர்னுக்குச் செய்ததைப் போல இன்னொரு சுரங்கம் தோண்டுவதுதான். அப்படி ஒரு திட்டம் போட நினைத்தாலும், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகங்களும் சாலைச் சந்திப்பும் மூன்று பக்கமும் நெருக்கி நிற்கும் இடத்தில் அதற்கு எந்தப் பக்கம் இடம் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.